ஆறு உயிரோடு இருக்கிறதா? நீர்நாயைக் கேளுங்கள்!

பொழுது புலரும் நேரம்.

காவிரி ஆறு சலசலவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆற்றின் நடுவே பெரிய பெரிய பாறைகள். கரையிலே நாணலும் மருத மரங்களும் அடர்ந்து நிற்கின்றன.

ஒரு பாறை இடுக்கிலிருந்து சிறிய தலை ஒன்று வெளியே நீளுகிறது. இந்தப் பக்கம் பார்க்கிறது. அந்தப் பக்கம் பார்க்கிறது. மூக்கை உயர்த்தி மோப்பம் பிடிக்கிறது.

ஆபத்து எதுவும் இல்லை!

உடனே சீழ்க்கை அடிப்பது போல ஓர் ஒலி. அடுத்த நொடியே ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு குடும்பமே வெளியே வருகிறது. பாறையில் சறுக்கி, "தொப் தொப்" என்று தண்ணீரில் குதிக்கிறது.

சற்று நேரத்தில் ஒரு தலை தண்ணீருக்கு மேலே தெரிகிறது. அதன் வாயிலே ஒரு மீன் துள்ளுகிறது!

இந்தப் பிராணிதான் நீர்நாய்.

பெயரிலே நாய் இருக்கிறது. ஆனால் இது நாய் இனத்தைச் சேர்ந்தது அல்ல. நீண்ட உடல், குட்டைக் கால்கள், தட்டையான தலை. பார்த்தால் பெரிய கீரியைப் போல இருக்கும். ஆனால் கீரியும் அல்ல. நீரிலும் நிலத்திலும் வாழப் பழகிய தனிப் பிராணி இது.

மனிதன் வீடு கட்டியிருப்பது கரையிலே. நீர்நாய் வீடு கட்டியிருப்பதும் கரையிலேதான். மனிதன் ஆற்றை நம்பி வாழ்கிறான். நீர்நாயும் ஆற்றை நம்பியே வாழ்கிறது. ஆகவே, அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

3 வகை நீர்நாய்கள்

உலகத்திலே பத்துக்கும் மேற்பட்ட வகை நீர்நாய்கள் இருக்கின்றன. அவற்றில் 3 வகை இந்தியாவில் உண்டு. அந்த மூன்றுமே தமிழ்நாட்டிலும் இருக்கின்றன.

காவிரியிலும், நீலகிரி அடிவாரத்தில் ஓடும் மாயாற்றிலும் கூட்டமாக வாழ்வது ஒரு வகை. இதன் மயிர் வழுவழுப்பாக, எண்ணெய் தடவி வாரியது போல இருக்கும். எடை 7 கிலோ முதல் 11 கிலோ வரை. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தால் 3 அடிக்கு மேல் இருக்கும்.

இரண்டாவது வகை மலையிலே வாழ்வது. இதன் எடை 3 கிலோ அளவுதான். உலகத்து நீர்நாய்களிலேயே மிகச் சிறியது இதுவே. விரல்களில் நகம் இருப்பதே தெரியாது. அவ்வளவு சிறிய நகம். ஆனைமலையில், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடே ஓடும் ஓடைகளில் இது வாழ்கிறது. மீனைத் துரத்துவதைவிட நண்டு பிடிப்பதிலே இது கெட்டிக்காரப் பிராணி. கல்லுக்கு அடியில் கையை விட்டு, விரலாலே துழாவி, நண்டை வெளியே எடுத்துவிடும்!

மூன்றாவது வகை ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பரவலாக உள்ளது. தமிழ்நாட்டிலோ மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் அபூர்வமாகத்தான் கண்ணில் படும்.

இங்கே நாம் பார்க்கப்போவது முதல் வகையின் கதை. காவிரிக் கரையில் குடும்பம் நடத்தும் நீர்நாயின் கதை.

தண்ணீருக்கு என்றே அமைந்த உடல்

தண்ணீரில் மூழ்கி மீன் பிடிப்பது லேசான காரியமா? அதற்கென்று உடம்பு அமைய வேண்டும் அல்லவா?

நீர்நாயின் கால்விரல்களுக்கு இடையே, வாத்துக்கு இருப்பது போலத் தோல் இருக்கிறது. அதுதான் துடுப்பு. தடித்து, நுனியில் தட்டையாகும் வால் இருக்கிறது. அதுதான் சுக்கான். நீரில் மூழ்கும்போது காதும் மூக்கும் தாமாகவே மூடிக்கொள்ளும். மூச்சை அடக்கிக்கொண்டு மீனைத் துரத்தும்.

நீண்ட நேரம் தண்ணீரில் கிடந்தாலும் அதற்குக் குளிராது. ஏன் தெரியுமா? அதன் உடம்பில் இரண்டு அடுக்கு மயிர் இருக்கிறது. வெளியே நீண்ட மயிர். உள்ளே பஞ்சு போன்ற குட்டை மயிர். வெளி மயிர் தண்ணீரைத் தடுக்கும். உள் மயிர் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே, மேலெல்லாம் நனைந்தாலும் தோலிலே ஈரம் படாது.

கலங்கிய தண்ணீரிலும், இருட்டிலும்கூட அது மீனைக் கண்டுபிடித்துவிடும். அதற்கு உதவுவது மீசை! மீன் அசைந்தால் தண்ணீர் அசைகிறது. அந்த அசைவு மீசையிலே படுகிறது. உடனே மீன் இருக்கும் திசை தெரிந்துவிடுகிறது.

வேட்டையில் ஒற்றுமை

இந்த நீர்நாய் பெரும்பாலும் தனியாக வேட்டைக்குப் போகாது. குடும்பத்தோடு போகும்.

கொக்குகள் வானத்தில் அணிவகுத்துப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீர்நாய்களும் அதே மாதிரி அணிவகுத்து, ஆற்றை எதிர்த்து நீந்தும். முன்னே மீன் கூட்டம் மிரண்டு ஓடும். ஓட இடம் இல்லாமல் மீன்கள் ஓரிடத்தில் நெருங்கும்போது, நீர்நாய்கள் பாய்ந்து பிடிக்கும்.

சிறிய மீன் என்றால் தண்ணீரிலேயே தின்றுவிடும். பெரிய மீன் என்றால் கரைக்கு இழுத்து வரும். நன்றாக வளர்ந்த ஒரு நீர்நாய்க்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 1 கிலோ உணவு வேண்டும். மீன்தான் முக்கியம். ஆனாலும் நண்டு, தவளை, இறால், எலி எது கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லாது.

வயிறு நிறைந்ததும் மணலுக்கு வரும். புரளும். உருளும். ஒன்றையொன்று துரத்தி விளையாடும். இது வெறும் விளையாட்டு அல்ல. மணலில் புரண்டால்தான் மயிர் உலரும், சுத்தமாகும். மயிர் சுத்தமாக இருந்தால்தான் மறுபடி தண்ணீரில் குளிர் தாக்காது. ஆகவே, ஆற்று மணல் நீர்நாய்க்குத் துவாலை மாதிரி!

நீந்தத் தெரியாத குட்டிகள்!

பாறை இடுக்கு, மர வேரின் கீழே உள்ள பொந்து, கரையிலே தோண்டிய வளை இவைதான் நீர்நாயின் வீடு. சில வளைகளுக்குத் தண்ணீருக்கு அடியிலும் ஒரு வாசல் இருக்கும்.

கர்ப்ப காலம் சுமார் 2 மாதம். ஒரு பேற்றில் 2 முதல் 5 குட்டிகள் வரை பிறக்கும். பிறக்கும்போது கண் திறந்திருக்காது. பத்து நாள் கழித்துத்தான் கண் திறக்கும்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. "மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?" என்று நாம் கேட்கிறோம். ஆனால் நீர்நாய்க் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும்!

குட்டிகளுக்கு முதலில் தண்ணீர் என்றால் பயம். கரையிலே நின்று கத்தும். தாய் விடாது. பிடரியைக் கவ்வித் தண்ணீருக்குள் இழுத்துப் போகும். குட்டி திணறும். காலை உதைக்கும். மூழ்கப் பார்த்தால் தாய் உடனே தூக்கிவிடும். இப்படியே சில நாள். பிறகு, "கரைக்கு வா" என்று தாய் கூப்பிட்டாலும் குட்டி வராது!

நீந்தத் தெரிந்தால் போதுமா? மீன் பிடிக்கவும் தெரிய வேண்டும். அதற்காக நீர்நாய்த் தாய், பாதி உயிரோடு இருக்கும் மீனைக் கொண்டு வந்து குட்டிகளின் முன்னே விடுவதும் உண்டு. குட்டிகள் அதைத் துரத்திப் பிடித்துப் பழகும்.

சுமார் 1 வருஷத்தில் குட்டி முழு வளர்ச்சி அடைகிறது. அதற்குள் தாய்க்கு அடுத்த பேறும் வரலாம். அப்போதும் மூத்த குட்டிகளில் சில வீட்டை விட்டுப் போவதில்லை. தம்பி, தங்கைகளோடு சேர்ந்தே இருக்கும். கூட்டுக் குடும்பம்தான்! ஒரு கூட்டத்தில் பத்துப் பதினொன்றுகூட இருப்பது உண்டு. கூட்டமாக இருக்கும் தைரியத்தில் முதலையையே சூழ்ந்துகொண்டு விரட்டியதும் உண்டு.

பாறையில் எழுதிய கடிதம்

காவிரிப் பாறைகளில், தண்ணீரை ஒட்டி, மீன் செதிலும் முள்ளும் நிறைந்த எச்சம் கிடக்கும். தூரத்திலேயே மீன் நாற்றம் அடிக்கும்.

மனிதனுக்கு அது நாற்றம். நீர்நாய்க்கு அது கடிதம்!

ஒரு குடும்பம் ஒரே இடத்திலே திரும்பத் திரும்ப எச்சம் இடும். "இது எங்கள் இடம்" என்று அதற்கு அர்த்தம். வேறு நீர்நாய் அந்த வழியாக வந்தால், மோந்து பார்த்துச் செய்தி தெரிந்துகொள்ளும்.

விஞ்ஞானிகளும் இந்தக் கடிதத்தைப் படிக்கிறார்கள். எச்சத்தில் உள்ள செதிலையும் முள்ளையும் ஆராய்ந்து, அது என்னென்ன மீனைத் தின்றது என்று சொல்லிவிடுகிறார்கள். நீர்நாயைப் பார்க்காமலே, அந்த ஆற்றில் அது இருக்கிறதா, இல்லையா என்பதையும் தெரிந்துகொள்கிறார்கள்.

அன்று ஊர்ப் பொய்கையில், இன்று?

தமிழனுக்கு நீர்நாய் புதிய பிராணி அல்ல. சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னே வாழ்ந்த சங்கப் புலவர்களுக்கு அதை நன்றாகத் தெரியும். குறுந்தொகையிலும் ஐங்குறுநூற்றிலும் நீர்நாய் வருகிறது. அது வாளை மீனை இரையாகப் பிடிப்பதையும், அதன் உடம்பில் அடிக்கும் மீன் நாற்றத்தையும்கூட அந்தப் பாட்டுகள் சொல்லுகின்றன.

அந்தப் பாட்டுகள் எந்த நிலத்தைப் பற்றியவை தெரியுமா? காட்டைப் பற்றியவை அல்ல. வயலும் பொய்கையும் உள்ள மருத நிலத்தைப் பற்றியவை. அதாவது, ஊர் ஓரத்துக் குளத்திலேயே நீர்நாய் இருந்திருக்கிறது!

இன்று எத்தனை ஊர்க் குளத்தில் நீர்நாய் இருக்கிறது? பெரும்பாலான ஊர்களில், தாத்தாவைக் கேட்டால்கூடப் பார்த்ததில்லை என்றுதான் சொல்லுவார்.

நீர்நாய் எங்கே போயிற்று?

மீனவர்களின் குறை

முதலிலே, நீர்நாயின் மீது உள்ள புகாரைக் கேட்டுவிட வேண்டும். அதுதான் நியாயம்.

ஆற்று மீனவர் இரவிலே வலை விரித்துவிட்டுப் போகிறார். காலையில் வந்து பார்த்தால் மீன் இல்லை. தலை மட்டும் தொங்குகிறது. வலையும் கிழிந்து கிடக்கிறது. இது நீர்நாயின் வேலை. வலையிலே சிக்கிய மீனைக் கண்டால் அது விடுமா? கடித்து இழுக்கும். மீனோடு வலையும் போகும்.

கடன் வாங்கி வலை வாங்கிய மீனவருக்கு வயிறு எரியத்தானே செய்யும்? ஆத்திரத்தில் நீர்நாயைக் கொன்றவர்களும் உண்டு. சில சமயம் நீர்நாயே வலையில் சிக்கி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் செத்துப்போவதும் உண்டு.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஆற்றிலே மீன் குறைந்ததற்கு நீர்நாயா காரணம்?

நீர்நாய் ஏராளமாக இருந்த காலத்தில் மீனும் ஏராளமாக இருந்தது. நீர்நாய் குறைந்த பிறகும் மீன் பெருகவில்லை!

உண்மையான திருடர்கள் வேறு. ஆற்றில் வெடி போட்டு மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெடி விழுந்தால் பெரிய மீன் மட்டுமா சாகும்? குஞ்சும் சாகும். அடுத்த வருஷத்து மீனையும் சேர்த்து அழிப்பது அது. ஆற்றிலே கழிவு கலக்கிறது. வயலில் தெளித்த பூச்சிமருந்து மழையோடு வந்து சேருகிறது. மணலை அள்ளி அள்ளிக் கரையே சரிகிறது. நாணலும் மரமும் போகின்றன. நீர்நாய்க்கு வளை தோண்டக் கரை இல்லை. புரண்டு உலர மணல் இல்லை. மீன் முட்டையிட இடம் இல்லை.

நீர்நாயின் வீடு போன அதே நாளில், மீனவரின் பிழைப்பும் போயிற்று.

இவை போதாது என்று, மென்மையான அதன் தோலுக்காகவும் நீர்நாயை வேட்டையாடினார்கள். அந்தத் தோல் களவாக வெளிநாட்டுக்குப் போயிற்று.

மீன் பிடித்துக் கொடுக்கும் நீர்நாய்

மீனவரும் நீர்நாயும் என்றைக்கும் எதிரிகள்தானா? இல்லை.

வங்காள தேசத்தில் நரைல் என்று ஒரு மாவட்டம். அங்குள்ள மீனவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நீர்நாயை வளர்த்து, அதைக் கொண்டே மீன் பிடித்து வந்தார்கள். காவிரியில் உள்ளதும் அங்கே உள்ளதும் ஒரே வகை நீர்நாய்தான்.

மூங்கில் கூண்டில் வைத்து நீர்நாய்களைப் படகிலே கொண்டு போவார்கள். பெரியவற்றைக் கயிற்றால் மூங்கில் கழியோடு கட்டியிருப்பார்கள். குட்டிகளைக் கட்ட மாட்டார்கள். அவை தாயை விட்டு ஓடாது அல்லவா! வலையை விரித்ததும் நீர்நாய்கள் நீரில் இறங்கும். கரையோரச் செடிகளில் ஒளிந்திருக்கும் மீன்களை விரட்டும். மீன்கள் மிரண்டு வலைக்குள் ஓடும். வேலை முடிந்ததும் நீர்நாய்களுக்கும் பங்கு உண்டு!

மீன் குறைந்துவிட்டதால் இந்தத் தொழில் இன்று அருகிவிட்டது. அங்கேயும் அதே கதைதான். மீன் போனால் மனிதனும் நீர்நாயும் சேர்ந்தே பட்டினி.

விஷம் வந்தது, நீர்நாய் போயிற்று

நீர்நாய் மறைந்தால், ஆற்றுக்கு ஆபத்து என்று அர்த்தம். இதற்கு இங்கிலாந்து ஒரு சாட்சி.

அங்கே 1950களின் கடைசியில் நீர்நாய்கள் திடீரென்று குறைந்தன. காரணம் முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. விதைகளில் பூச்சி பிடிக்காமல் இருக்க விவசாயிகள் "டீல்டிரின்" போன்ற மருந்துகளைப் பூசினார்கள். அந்த விஷம் வயலிலிருந்து ஆற்றுக்கு வந்தது. ஆற்றிலிருந்து மீனுக்கு வந்தது. மீனிலிருந்து நீர்நாய்க்கு வந்தது.

அந்த மருந்துகளைப் படிப்படியாகத் தடுத்தார்கள். 1978ஆம் ஆண்டில் நீர்நாயைக் கொல்லச் சட்டப்படி தடை வந்தது. ஆறுகள் மெல்ல மெல்லச் சுத்தமாயின. 2011ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் நீர்நாய் மறுபடி இருப்பது உறுதியாயிற்று.

பட்டணத்துக்குத் திரும்பிய குடும்பம்

அதைவிட அதிசயம் சிங்கப்பூரில் நடந்தது.

ஒரு காலத்தில் சிங்கப்பூர் ஆறு சாக்கடையாக இருந்தது. குப்பையும் கழிவும் அதில்தான் கொட்டப்பட்டன. 1970களில் நீர்நாய்கள் அங்கே இல்லாமலே போயின.

1977ஆம் ஆண்டில் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ ஒரு கெடு வைத்தார். "10 வருஷத்தில் சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் சுத்தமாக வேண்டும்" என்பதே அந்தக் கெடு. அதன்படியே 1987ஆம் ஆண்டில் வேலை முடிந்தது. நீர்நாயை நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை. மனிதனுக்காகத்தான் செய்தார்கள்.

1998ஆம் ஆண்டில், சுங்கை பூலோ என்ற சதுப்பு நிலத்தில் நீர்நாய்கள் வந்து குடியேறின. யாரும் கூப்பிடவில்லை. தாமாகவே வந்தன!

பிறகு, பீஷான் பூங்கா வழியாக ஓடிய சிமெண்டு வாய்க்காலை உடைத்து, புல்லும் கல்லும் உள்ள ஆறாக மாற்றினார்கள். 2012ஆம் ஆண்டில் அந்த வேலை முடிந்தது. இரண்டே வருஷத்தில், 2014இல், ஒரு நீர்நாய் ஜோடி அங்கே வந்தது. குட்டிகள் போட்டது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

இன்று சிங்கப்பூரில் நீர்நாய்க் குடும்பங்கள் சாலையையே கடந்து போகின்றன. கார்கள் நின்று வழி விடுகின்றன. தொந்தரவே இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் விலை உயர்ந்த அலங்கார மீன்களைத் தின்றுவிட்டுப் போன கதைகள் நிறைய உண்டு. வீட்டுக்காரர்களுக்குக் கோபம்தான். ஆனாலும் தொட்டிக்கு வேலி போடுகிறார்களே தவிர, ஆற்றை மறுபடி சாக்கடை ஆக்க யாரும் விரும்பவில்லை.

காவிரிக்கு என்ன வழி?

தமிழ்நாட்டிலும் நம்பிக்கை போய்விடவில்லை.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நீர்நாயைக் கொல்வது குற்றம். சிறைத் தண்டனை உண்டு. 2019ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கூடிய உலக நாடுகள், காவிரியில் உள்ள வகைக்கும் சிறு நக வகைக்கும் சர்வதேச வியாபாரத் தடை விதித்தன. 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. அங்கே காக்கப்படும் பிராணிகளில் நீர்நாயும் ஒன்று.

ஆனால் சட்டம் மட்டும் போதாது. நீர்நாய்க்குச் சரணாலயத்தின் எல்லை தெரியாது. அது ஆற்றோடு போகும். ஆறோ ஊர் ஊராகப் போகிறது. வெடி போடாத கை வேண்டும். கழிவைக் கொட்டாத மனம் வேண்டும். கரையிலே நாணலையும் மரத்தையும் விட்டுவைக்கும் பொறுமை வேண்டும். வலை கிழிந்த ஏழை மீனவருக்கு நஷ்டத்தில் கைகொடுக்கும் வழியும் வேண்டும்.

நீர்நாயிடம் பணம் இல்லை. மனுக் கொடுக்க அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். தண்ணீர் நன்றாக இருந்தால் இருக்கும். கெட்டுப்போனால் போய்விடும்.

கரையில் வசிக்கும் மனிதனால் அப்படிப் போய்விட முடியாது. அந்தத் தண்ணீரைத்தான் அவனும் குடித்தாக வேண்டும்.

நாளைக் காலையிலும் பொழுது புலரும். பாறை இடுக்கிலிருந்து அந்தச் சிறிய தலை நீளும். இங்கும் அங்கும் பார்க்கும். மூக்கை உயர்த்தி மோப்பம் பிடிக்கும்.

அது சீழ்க்கை அடித்துக் குட்டிகளைக் கூப்பிட்டால், ஆறு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்!